ஜன்னலுக்குக் கீழே காப்பிச் சக்கை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

லாண்டரிக்கு உன் பேரில் பொட்டலம் வந்ததைப் பார்த்து உன் முதலாளி ஏதாவது கேட்டிருப்பார். பழைய சிநேகிதி அனுப்பினாள் என்று சொல்லிவிடு. உன் வீட்டு விலாசத்துக்கு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. போன் செய்யவும் இல்லை. உன் போன் ஒரு நாள் முழுக்க என் வீட்டுக்காரருடைய போன் ரிப்பேர் கடையில் இருந்திருக்கிறது. அதில் அவர் என்ன போட்டு வைத்திருக்கிறாரோ யாருக்குத் தெரியும்? நான் வீட்டைவிட்டு வந்த அன்றே என் போனைக் குப்பையில் போட்டுவிட்டேன். இன்னும் வேறு வாங்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு காப்பிக் கடையில் சமையலறை வேலை. பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, சாயந்திரம் மெஷினைத் துடைப்பது. முன்பக்கம் நான் போவதில்லை. தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன். கடைக்காரம்மா ஒருநாள், "யாரையாவது எதிர்பார்க்கிறியா?" என்று கேட்டார். "இல்லம்மா"ன்னு சொன்னேன். அது உண்மைதான். எதிர்பார்ப்பதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதே.

பொட்டலத்தில் இருப்பது காப்பிச் சக்கை. சிரிக்காதே. கடையில் தினமும் ஒரு வாளி சேர்கிறது, குப்பைக்குத்தான் போகும். சும்மா போகிற எதையும் நான் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? கொஞ்சம் கொஞ்சமாக என் அறைக்குக் கொண்டுவருகிறேன். பழைய செய்தித்தாளில் மெல்லிசாகப் பரப்பி நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பூத்துவிடும். காய்ந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வாடை போய்விடுகிறது. அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கலாம். பூண்டு உரித்த கையைத் தேய்த்துக் கழுவலாம். என் அறை தரைத்தளம்; ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு மண். அதன்மேலும் தூவி வைத்திருக்கிறேன். பூனைத் தொல்லை.

உனக்கு அனுப்பியிருப்பது சின்னச் சின்னப் பைகள். கடையில் கழித்துப்போட்ட ஏப்ரன் துணியில் நானே தைத்தேன். அலமாரியில் ஒன்று, செருப்பு வைக்கிற இடத்தில் ஒன்று போடு. தையல் கோணலாக இருக்கும். திட்டாதே.

இது உனக்கு மட்டும். அத்தானிடம்கூட என்னைப் பற்றிச் சொல்லாதே. கடிதத்தைக் கிழித்துவிடு. பதில் போடுவதானால் கடை விலாசத்துக்குப் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 15

அடியே சுண்டெலி,

உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதற்காக உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவாயா? மூன்று மாதமாக ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால்கூடத் தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறாய், மகராசி.

உன் பைகள் ஜோர். லாண்டரியில் என் அலமாரியிலிருந்து வந்த ஈர வாடை போயே போய்விட்டது. அந்த ஆசையில் நானும் ஒரு கூத்து அடித்தேன். நம் வீட்டில் எல்லாரும் டீ குடிக்கிறவர்கள், காப்பிச் சக்கைக்கு எங்கே போவேன்? லாண்டரிக்கு எதிரே இருக்கிற கடையில் ஒரு டப்பா நிறையக் கேட்டு வாங்கிவந்து, அப்படியே ஈரமாகத் தொட்டியில் கொட்டிப் பாத்திரம் தேய்த்தேன். குழாய் அடைத்துக்கொண்டது. உன் அத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கத் தொட்டிக்கடியில் படுத்துக்கொண்டு திருகிக் கழற்றினார். அவர் மூஞ்சியில் கறுப்புக் கறுப்பாக வழிந்ததைப் பார்த்து எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "நம்ம வீட்ல ஏதுடி காப்பி?" என்றார். பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இதையெல்லாம் நீ முன்னாடியே எழுத வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் இங்கே வருகிறார். இளைத்துத் துரும்பாகிவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணீர் விடுகிறார். "அவ எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும்க்கா" என்கிறார். ஆம்பிளை அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ நாலு நாள் நிம்மதியாக யோசித்துப் பார்.

உன் விலாசத்தை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த விஷயத்தில் என்னை நம்பு.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

அவரை மாப்பிள்ளை என்று எனக்கு எழுதாதே. அந்த வார்த்தையைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

நீ நினைக்கிற மாதிரி எங்கள் வீட்டில் சண்டை நடந்ததே இல்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாயந்திரம் வந்ததும் முதலில் கெட்டிலைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருக்கிறதா என்று. பிறகு டிவியின் முதுகு. பிறகு குளியலறைத் துண்டு ஈரமா என்று பார்ப்பார். செருப்பைத் திருப்பி அடியில் மண் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு, "இன்னிக்கு என்ன பண்ணினே?" என்று கேட்பார். நான் சொல்வதும் அவர் பார்த்ததும் ஒத்துப்போக வேண்டும். ஒருநாள் ஒத்துப்போகவில்லை. அன்றைக்கு நான் உன்னைப் பார்க்க லாண்டரிக்கு வந்திருந்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

என் கையை எடுத்துக் கதவு இடுக்கில் வைத்தார். மெதுவாகத்தான் சாத்தினார். சாத்தும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. மாவு மெஷினில் மாட்டிக்கொண்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது இதுதான். தையல் ஏன் கோணல் என்று இப்போது தெரிந்திருக்கும். அணைக்கிற கை என்று எழுதியிருந்தாய். மறுநாள் கட்டுப் போட்டுவிட்டதும் அதே கைதான், அக்கா. அப்போதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்குக் கீழே பூனைக்காகத் தூவியிருக்கிறேன் என்று எழுதினேன். இங்கே பூனையே கிடையாது. சக்கையை மெல்லிசாகப் பரப்பி, தினமும் வேலைக்குப் போகும்போதும் படுக்கும்போதும் துடைப்பத்தால் இழுத்துவிடுகிறேன், சுவரிலிருந்து வேலிப் பக்கமாக. கறுப்பு மாவு மாதிரி இருக்கும். யார் கால் வைத்தாலும் பதிந்துவிடும். காலையில் எழுந்ததும் திரையை ஒரு விரல் அளவு விலக்கி அதைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முகம் கழுவுகிறேன்.

இருண்டதைப் பார்த்து நான் அரளவில்லை. வெளிச்சத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தொட்டியில் ஈரச் சக்கையைக் கொட்டாதே. துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, பாத்திரத்தைத் துடைத்த பிறகு கழுவு.

தங்கை


மார்ச் 5

என் கண்ணே,

உன் கடிதத்தை லாண்டரிக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் நின்றுகொண்டு படித்தேன். மாவு மெஷின் என்று நீ சொன்னபோது, "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று உன்னைத்தான் திட்டினேன். அந்த ஆள் பக்கத்திலேயே நின்று, "விடுங்கக்கா, பாவம்" என்றார். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. பழமொழி எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. மன்னித்துவிடு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. உன்னிடம் இனி எதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிறு அவர் வந்திருந்தார். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. தன் வேனில் என்னவோ செத்துப்போன மாதிரி நாற்றம் அடிக்கிறது, உட்காரவே முடியவில்லை, வீட்டிலும் யாரும் இல்லை, வேனிலும் இப்படி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. செருப்பு வைக்கிற இடத்தில் கிடந்த பையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். லாண்டரிக்கு வருகிற ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது என்றேன். உன் பேச்சையே எடுக்கவில்லை, சத்தியமாக.

மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். கையில் வைத்துப் புரட்டிப் புரட்டித் தையலைப் பார்த்தார். "நல்லா இருக்குக்கா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை. டீ குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

போன ஞாயிறு வரவில்லை. சனியன் விட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இனி வந்தாலும் கதவைத் திறக்கப் போவதில்லை. நீ தைரியமாக இரு. ஒரு கைப்பிடிச் சக்கையை வைத்து யாரால் என்ன செய்ய முடியும்?

உன் அக்கா


மார்ச் 10

அக்கா,

எந்தப் பை?

பழுப்புத் துணி என்றால் பயமில்லை, அது வெறும் துணி. நீலம் என்றால், அது ஏப்ரனின் மார்புப் பக்கம். கடையின் சின்னம் அதில் அச்சடித்திருக்கும், கூடவே பெயரில் பாதி. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தேன். உன் கைக்குத்தானே போகிறது என்று நினைத்தேன். துணி வீணாகிறதே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தையல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். விரல் மடங்காமல் போன பிறகும் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் தைத்தேன். பையைப் பிரிக்காமல் இருக்கமாட்டார். உதட்டைக் குவித்துக்கொண்டு, போனைத் திறக்கிற மாதிரி ஒவ்வொரு நூலாகப் பிரித்திருப்பார்.

கடிதம் போடாதே. உன் போனைத் தொடாதே. லாண்டரி போனிலிருந்து கடைக்குப் பேசு. நம்பரை இந்தக் காகிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். சமையலறையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடச் சொல். நான் வந்ததும் நிறத்தை மட்டும் சொல். வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

கடைக்காரம்மாவிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பின்கதவுச் சாவியை என் இடுப்புக் கயிற்றில் முடிந்துவிட்டார்.


மார்ச் 14

சுண்டெலி,

நீலம் என்று நான் சொன்னது உனக்குக் கேட்டதா இல்லையா? அதை மட்டுமாவது யாராவது சொல்லுங்கள்.

நீ "ஹலோ" என்றாய். நான் "நீலம்" என்றேன். பிறகு நீ பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஏதோ தட்டு விழுந்து உடைந்தது. அப்புறம் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. லாண்டரியில் சூடாக்கிய இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டையின் மேல் அப்படியே விட்டுவிட்டேன். சட்டை போய்விட்டது.

நேராக அவன் கடைக்கு ஓடினேன். இனி அவனுக்கு என்ன மரியாதை? ஷட்டர் இறக்கியிருக்கிறது. பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர், "வெளியூர் போறேன், வர நாளாகும்னு சொல்லிட்டு வேனை எடுத்துட்டுப் போனாரே" என்றார். "சந்தோஷமா இருந்தாரும்மா, மனைவியைக் கூட்டிட்டு வரப் போறதா சொன்னாரு" என்றும் சொன்னார். அங்கிருந்து வீட்டுக்கு ஓடினேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு என்றால் பிறகு திட்டிக்கொள். இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "புருஷன் பொண்டாட்டியைப் பார்க்கப் போறது ஒரு கம்ப்ளைண்டாம்மா?" என்றார். உன் அத்தானுக்கு வாயில் அடாத வார்த்தை வந்துவிட்டது. என்றைக்கும் பேசாத மனுஷன். நான் உன் விரலைப் பற்றிச் சொன்னேன். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார். மாவு மெஷின் என்றுதானே டாக்டரிடமும் சொன்னாய். நான்தான் கூட வந்தேன். நானும்தான் சொன்னேன்.

நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி அங்கே வரலாம் என்று இருந்தோம். நாம் போய் நின்றால் அவன் நம் பின்னாலேயே வருவானே என்று உன் அத்தான் தயங்குகிறார். எது செய்தாலும் தப்பாகிவிடுமோ என்று கையையும் காலையும் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் வேன் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவன் தனியாக வருகிறானா, நீயும் கூட இருக்கிறாயா என்று. எது நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

படித்தால் ஒரு வரி போடு. வெறும் காகிதமாவது அனுப்பு.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைக் கடைக்காரம்மா இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் வேறொருவர் கையில் கொடுத்து, நேற்றுத்தான் என்னிடம் வந்தது.

நீ போன் செய்த அன்று காலை திரையை விலக்கிப் பார்த்தேன். கால் தடம் எதுவும் இல்லை. முகம் கழுவப் போனேன். வாயில் பேஸ்ட் நுரையோடு திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். என்னவோ சரியில்லை என்று தோன்றியது. நான் துடைப்பத்தைச் சுவரிலிருந்து வேலிப் பக்கமாக இழுப்பேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கோடுகள் எல்லாம் குறுக்கே ஓடின. ஒழுங்காக, அழகாக, என்னைவிட நன்றாக யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். தடம் பதியும் என்று தெரிந்து, பதிந்ததை அழித்துவிட்டுப் போயிருக்கிறார். கெட்டிலைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது எதற்காகத் தூவியது என்று பார்த்தவுடனே புரிந்திருக்கும். முந்தின நாள் கடையிலிருந்து என் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். கதவு ஒரு தள்ளு தாங்காத கதவு. அவர் தள்ளவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் என்னால் இன்னும் நினைக்க முடியவில்லை.

அறையில் இருக்கப் பயந்து கடைக்கு ஓடினேன். மனிதர்கள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது உன் போன் வந்தது. நீ "நீலம்" என்று சொன்ன அந்த நேரம், தட்டு நீட்டுகிற ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். ஓரத்து மேசையில் உட்கார்ந்து காப்பி வாங்கியிருந்தார். உன் பையைப் பிரித்துத் துணியை மேசையில் விரித்து, கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். என் வீடு அவருக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே வந்தது, தெரியும் என்று எனக்குக் காட்டுவதற்குத்தான். என் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. சிரித்தார்.

கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, "இது உங்க கடைத் துணிதானே? உள்ளே எனக்கு வேண்டியவங்க ஒருத்தங்க வேலை செய்யறாங்க" என்றார். அந்த அம்மா துணியை எடுத்துப் பார்த்தார். "கழிச்சதையெல்லாம் பழந்துணிக்காரருக்குப் போட்டுட்டோமே. யார் வேணும்னாலும் தைச்சிருக்கலாம். காப்பி ஆறுது, குடிங்க" என்றார். குரல் நடுங்கவே இல்லை. அதே மூச்சில் உள்ளே திரும்பி, "பால்காரருக்குக் காலி கேனை எடுத்துக் குடு" என்று சத்தமாகச் சொன்னார். கேன் எல்லாம் காலையிலேயே போய்விட்டது. எனக்குப் புரிந்தது. பின்கதவைத் திறந்து பால் வண்டியில் ஏறிக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மாற்றுத் துணிகூட இல்லை. வண்டி கிளம்பும்போது பயத்தில் உடுத்தியிருந்த துணியை நனைத்துவிட்டேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் இருக்கிற இடத்தில் என்னைப் போல இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். டாக்டர் ஒருவர் விரலைப் பார்த்து, கதவில் நசுங்கியது என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்குப் போடலாம் என்கிறார்கள். போடுவேனா என்று தெரியவில்லை. போட்டால் அவரை நேரில் பார்க்க வேண்டியிருக்கும். நீ அவன் என்று எழுதிவிட்டாய். எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை.

உன் மேல் கோபம் இல்லை, அக்கா. முதல் இரண்டு நாள் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இப்போது இல்லை. ஆனால் பயம் இருக்கிறது. அவரைப் பார்த்துப் பயப்படுவது எனக்குப் பழகிப்போன விஷயம். உன்னைப் பார்த்துப் பயப்படுவது புதிது. நீ கெட்டவள் என்பதால் இல்லை. உன் முன்னால் யாராவது அழுதால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவாய். எனக்கும் அப்படித்தான் எத்தனையோ கொடுத்திருக்கிறாய். எதைக் கொடுத்தோம் என்று உனக்கே பிறகுதான் தெரியும்.

அதனால் இந்தக் கடிதத்தில் விலாசம் இல்லை. தபால் முத்திரையைப் பார்க்காதே. இதை வேறு ஊரில் போடச் சொல்லியிருக்கிறேன். கடைக்கும் எழுதாதே. அந்த அம்மாவுக்கு நான் போன இடம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உனக்கு எழுதாமல் என்னால் எவ்வளவு நாள் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

அவர் உன் வீட்டுக்கு வருவார். அந்த நாற்காலியில்தான் உட்காருவார், அழுவார், நான் எங்கே என்று கேட்பார். தெரியாது என்று சொல். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொள்ளட்டும்.